இரண்டு பெருவிரல்களுக்குச் செய்தது

சுகிர்தன் தன் மைத்துனனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனது ஒரே ஒரு தடவைதான். போன அந்த ஒரு தடவையும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஒரு பகிடி விட்டான். பிறகு நடந்த அவ்வளவுக்கும் அந்தப் பகிடிதான் காரணம் என்று நெடுநாளாக நம்பிக்கொண்டும் இருந்தான்.

மைத்துனன் பெயர் மிதுஷன். சுகிர்தனின் மனைவி அருந்ததிக்கு ஒரே தம்பி. கொட்டாஞ்சேனையில் தாயோடு இருந்தான். வத்தளையில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சுகிர்தனும் அருந்ததியும் வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் குடியிருந்தார்கள். சுகிர்தனுக்குக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கணக்குப் பகுதியில் வேலை. நாற்பதைத் தொடப்போகிறவன். ஒபீசில் யாரும் அவன் குரலைப் பெரிதாகக் கேட்டதில்லை. முதலாளி பிழையாகச் சொன்னாலும் "ஓகே சேர்" என்றுவிட்டு வந்து தன் மேசையில் இருந்து பெருமூச்சு விடுகிற ஆள்.

அந்த ஆள் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறொரு ஆளாக மாறுவான். மிதுஷன் பஸ் ஏறி வந்துவிடுவான். இரண்டு பேரும் டிவிக்கு முன்னால் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்து உதைபந்தாட்ட கேம் விளையாடத் தொடங்கினால், கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டும் அளவுக்குக் கத்துவார்கள். சுகிர்தன் கெட்ட வார்த்தை பேசுவது அந்த ஒரு நாளில் மட்டும்தான். அநேகமாக வெல்வது மிதுஷன். சுகிர்தனுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

கேம் பெட்டியை அவன் வாங்கியது நாட்டில் பெற்றோல் வரிசை வருவதற்கு முன்பு. பிறகு விலைகள் ஏறிய ஏற்றத்தில் கையில் பிடிக்கிற அந்தக் கொன்ட்ரோலர் ஒன்றின் விலை, பெட்டியை வாங்கிய விலையின் பாதியைத் தொட்டுவிட்டது. இருந்த இரண்டில் ஒன்று பழுது. பெருவிரலால் ஆட்டுகிற இடப்பக்கத்து ஸ்டிக்கை யாரும் தொடாமலே திரையில் ஆட்டக்காரன் தன்பாட்டில் மைதானத்து ஓரமாக நடக்கத் தொடங்குவான். திருத்துகிறவர்களிடம் காட்டினால், "உள்ளே ஒரு சின்னச் சாமான் தேய்ந்துபோச்சு, அது தனிய வராது, புதுசு எடுங்கோ" என்றார்கள். ஒரு நக அளவுச் சாமானுக்காக முழுவதையும் தூக்கி எறியச் செய்கிற விதமாகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள் என்று சுகிர்தன் புறுபுறுப்பான். வாங்கவும் மாட்டான். பழுதானதை எப்போதும் மிதுஷன்தான் எடுப்பான்.

"நல்லதை நீங்களே வைச்சிருங்கோ அத்தான். எப்பிடியும் நான்தானே வெல்லப்போறன்."

அந்த வருடம் ஆவணியில், தொழிற்சாலையில் அட்டை வெட்டும் பிரெஸ்ஸில் ஒரு தாள் இறுகிக்கொண்டது. வேலையாள் ஒருத்தன் அதை இழுக்கப் போக, மிதுஷன் அவனைத் தள்ளிவிட்டுத் தானே கையை வைத்தான். மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்தான். நிற்கவில்லை.

வலது கை.

சேதி கேட்டுச் சுகிர்தன் ஒபீசிலிருந்து நேரே ஓடினான். வார்ட்டில் கட்டிலைச் சுற்றி மாமி, அருந்ததி, மாமியின் தங்கை சுபோதினி, அயலட்டைச் சனம். எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். நடுவில் மிதுஷன், வலது கை ஒரு வெள்ளைப் பொட்டலமாகத் தலையணை மேல் கிடக்க, யாரை ஆறுதல் படுத்துவது என்று தெரியாதவன்போல முழித்துக்கொண்டிருந்தான். சுகிர்தனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தப் பொட்டலத்தைப் பார்க்கவும் முடியவில்லை. வாய் தன்பாட்டில் திறந்தது.

"பரவாயில்லை மிது. இனியெண்டாலும் நான் ஒரு மட்ச் வெல்லலாம்."

கட்டிலைச் சுற்றி அழுகை நின்றுவிட்டது. மாமி முகத்தை அடுத்த பக்கம் திருப்பினா. சுபோதினி "ஐயோ, என்ன கதை இது" என்று வாய்விட்டே சொன்னா. அருந்ததி அவனைப் பார்த்த பார்வையில் அவன் கண் நிலத்துக்குப் போய்விட்டது. மிதுஷன் சிரித்தான். தோள் குலுங்க, நோவோடு, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். அக்காவின் புருஷனுக்கு மானம் போகக்கூடாதென்று மரியாதைக்குச் சிரிக்கிறான் என்று சுகிர்தன் நினைத்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவனால் தாங்க முடியாமல் போனது. போன் வருகிறது என்று பொய் சொல்லி வெளியே வந்தவன், படியிறங்கி, ரோட்டைக் கடந்து, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் போகவில்லை.

முதலில் மாத முடிவுக் கணக்கு என்றான். அடுத்த தடவை தடிமன், நோயாளிக்குத் தொற்றிவிடும் என்றான். மிதுஷன் வீட்டுக்கு வந்த பிறகு அருந்ததி ஒவ்வொரு ஞாயிறும் கொட்டாஞ்சேனைக்குத் தனியே போய் வந்தாள். "நீங்கள் வரேல்லையோ?" என்று முதலில் கேட்டாள், பிறகு கேட்கவில்லை. கேட்காமல் விட்டதும் சுகிர்தனுக்கு நிம்மதியாக இருந்தது, அப்படி நிம்மதியாக இருந்தது அவனுக்கே அருவருப்பாகவும் இருந்தது. மிதுஷனுக்கு ஒரு போன் எடுத்தால் போதும் என்று தினமும் நினைப்பான். எடுத்தால் எதைக் கதைப்பது? "கை எப்பிடி?" என்றா? நாள் போகப் போக எடுக்காமல் விட்டதற்கும் சேர்த்து விளக்கம் சொல்லவேண்டி வந்தது. அதனால் இன்னும் எடுக்கவில்லை.

தைப்பொங்கலுக்கு மாமியும் மிதுஷனும் வெள்ளவத்தைக்கு வருவதாக அருந்ததி சொன்னாள். அன்று காலையில், அருந்ததி குசினியில் நிற்கும்போது, சுகிர்தன் கேம் பெட்டியைக் கழற்றி, வயர்களைச் சுற்றி, அலுமாரியில் பெட்ஷீட்டுகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினான். அதைக் கண்டால் பொடியனுக்கு நோகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மிதுஷன் மெலிந்திருந்தான். வலது கையைக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்திருந்தான். சுகிர்தன் மழையைப் பற்றியும், மீன் விலை பற்றியும், பேலியகொடைப் பாலத்து ட்ராபிக் பற்றியும் நிறுத்தாமல் கதைத்தான். இடையில் மிதுஷன் டிவி ஸ்டாண்டைப் பார்த்தான்.

"என்ன அத்தான், வித்துப்போட்டீங்களோ?"

"இல்லை... பழுது. திருத்தக் குடுத்திருக்கிறன்."

"ஓ," என்றான் மிதுஷன். பொங்கலை இடது கையால், ஸ்பூனால், மெதுவாகச் சாப்பிட்டான். வெளிக்கிடும்போது "வாறன் அத்தான்" என்று மட்டும் சொன்னான்.

அன்றிரவு படுக்கையில் அருந்ததி அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள்: "எப்ப திருத்தக் குடுத்தனீங்கள்?" அவன் நித்திரைபோலக் கிடந்தான்.

பெட்டி வெளியே வர இரண்டு மாதம் பிடித்தது. அருந்ததி கொட்டாஞ்சேனைக்குப் போன ஒரு ஞாயிறு அதை எடுத்து டிவியோடு இணைத்து, சத்தத்தை முழுதாகக் குறைத்து, தனியே விளையாடினான். நல்ல கொன்ட்ரோலரும் பழுதாகிக்கொண்டு வந்தது. ஆசை விடவில்லை. அடுத்த சனிக்கிழமை காலி வீதியில் தாஸிமின் கடைக்குப் போனான்.

தாஸிமின் கடையில் கேம் சாமான்களைத் தவிர வேறொன்றும் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரிஜினல் கொன்ட்ரோலர் ஒரு தட்டில், அதன் போலிக் கொப்பி இன்னொரு தட்டில். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். எடுத்துப் பிடித்தால்தான் கனத்தில் வித்தியாசம் தெரியும். கொப்பிக்குக் கால்வாசி விலைதான். இதைவிட, ஸ்டிக்கில் மாட்டும் றப்பர் தொப்பி, சார்ஜ் போடும் தட்டு, வியர்வைக்கு உறை, பின்பக்கம் கூடுதல் பட்டன் பூட்டிய விசேஷ ரகம். சுகிர்தன் ஒரிஜினல் ஒன்றைக் கையில் எடுத்தான். உள்ளங்கைக்குள் அது போய் இருந்த விதம்! இரண்டு கொம்பும் இரண்டு கையிலும் படிந்து, பெருவிரல் இரண்டும் தேடாமலே இரண்டு ஸ்டிக்கின்மேல் போய் இருந்தன. இந்த ஒரு சாமானில் எல்லாமே இரண்டு பெருவிரலை நம்பித்தான் இருக்கிறது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே அதைத் திரும்ப வைத்தான்.

"என்ன சேர், கனமா ஈக்குதா?" என்றார் தாஸிம்.

"இல்லை... கை ஏலாத ஆக்களுக்கு இதில ஏதும் இருக்கோ?"

ஏன் கேட்டான் என்று அவனுக்கே தெரியாது. தாஸிம் போனை எடுத்துப் படம் காட்டினார். தட்டுப்போல வட்டமான ஒன்று. மேசையில் படுக்க வைத்துப் பாவிப்பது. சுற்றிவரப் பெரிய பட்டன்கள், கழற்றி மாற்றலாம். ஸ்டிக் ஒன்று நீட்டிக்கொண்டு நின்றது, அதைத் தேவைக்குக் கிட்டத்தில் இழுக்கலாம், தூரத்தில் தள்ளலாம். காலால் மிதிக்கிற பெடல், முழங்கையால் தட்டுகிற பட்டன் எல்லாம் வயர் போட்டு இணைக்கலாம்.

"துபாயால எடுத்துத் தரலாம். ஆனா வெல இந்தத் தட்டுல இல்ல சேர். அதுக்குப் பொறகு ஒவ்வொண்டா வாங்குற சில்லறச் சாமானுலதான் ஈக்குது. பெடல் வேற, பட்டன் வேற, ஸ்டான்ட் வேற. எல்லாம் சேத்தா ஒங்கட பெட்டிய விடக் கூட வரும்."

"பரவாயில்லை."

விலை கூடியது என்று கேட்டதும் சுகிர்தனுக்கு உள்ளே ஏதோ லேசாகியது. கூடவே இருக்கட்டும். எவ்வளவுக்கு நோகிறதோ அவ்வளவுக்கு நல்லது.

"சரி, எந்தக் கை? எத்தின வெரல் வேல செய்யுது?"

சுகிர்தனுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் வெள்ளைப் பொட்டலம், பொங்கலன்று பொக்கற். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து தோளோடு தோள் உரச இருந்து விளையாடியவனுடைய கையில் என்ன மிச்சம் என்று அவன் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

"வலது," என்றான். "முழுக்க ஏலாது."

தாஸிம் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஒருக்கா அவரக் கூட்டிக்கொண்டு வாங்களன் சேர். இல்லாட்டி ஒரு கோல் எடுத்துக் கேளுங்க. இது ஒராளுக்குப் பொருந்தினா மத்தாளுக்குப் பொருந்தாது."

சுகிர்தன் போனை எடுத்தான். மிதுஷனின் பெயர் வரைக்கும் போனான். பிறகு பொக்கற்றுக்குள் போட்டான்.

"சர்ப்ரைஸ்," என்றான். "பிறந்தநாளுக்கு."

மிதுஷனின் பிறந்தநாள் வைகாசியில் வந்தது. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு வீட்டில் வைக்கிற முதல் விசேஷம் என்று மாமி நெருங்கிய சொந்தத்தையெல்லாம் கூப்பிட்டிருந்தா. சுகிர்தன் கேம் பெட்டியையும் புதுச் சாமானையும் ஒரு பெரிய பையில் போட்டு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். பையில் என்ன என்று வழிநெடுகக் கேட்ட அருந்ததிக்கு அவன் சொல்லவில்லை. கேக் வெட்டி முடிந்ததும் எல்லோருக்கும் நடுவே அதைப் பிரித்தான். அவனையறியாமல் ஒரு பேச்சும் வந்தது: தொழில்நுட்பம் எவ்வளவு முன்னேறிவிட்டது, மனம் வைத்தால் எதுவும் முடியும், நாங்கள் எல்லோரும் உன்னோடு இருக்கிறோம். தன் குரல் அவனுக்கே யாரோ ஒரு பிரதம விருந்தினருடையதுபோலக் கேட்டது. நிறுத்த முடியவில்லை. மாமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. சுபோதினி போனைத் தூக்கி வீடியோ எடுக்கத் தொடங்கினா.

அருந்ததி மட்டும் கதவடியில் நின்று, "இதை என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்று மெல்லச் சொன்னாள். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

"செருப்பைக் கழட்டு மிது. இந்தா, இந்தப் பெடல் வலது காலுக்கு. மிதிச்சால் உதைக்கும். மற்றது பாஸ்."

மிதுஷன் தட்டைப் பார்த்தான். பிறகு சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கதிரையில் இருந்தான். இடது கையால் தட்டின் ஸ்டிக்கைப் பிடித்தான். வலது கை இன்றைக்கும் பொக்கற்றுக்குள்தான்.

ஆட்டம் தொடங்கியது. பெடல் நிலத்தில் வழுக்கியது. உதைக்க வேண்டிய இடத்தில் பாஸ் போனது, பாஸ் போகவேண்டிய இடத்தில் ஆட்டக்காரன் வெறுங்காற்றை உதைத்தான். "ஐயோ, பாவம்," என்றது ஒரு குரல். "கொஞ்சம் கொஞ்சமாப் பழகும்," என்றது இன்னொன்று. மிதுஷனின் காது மடல் சிவந்துகொண்டு வந்தது. முகத்தில் ஒரு புன்னகை ஒட்டியிருந்தது. சுகிர்தனுக்கு வேர்த்தது. எப்படியாவது இது நல்லபடி முடிந்தால் போதும் என்றிருந்தது. பட்டன் ஒன்றை அமத்திக் கோல்காப்பாளனை வேண்டுமென்றே முன்னுக்கு ஓடவிட்டான். மிதுஷனின் பந்து உருண்டு உருண்டு வெறும் வலைக்குள் போனது.

வீடே கைதட்டியது. மாமி மகனின் தலையைத் தடவினா. "வெண்டிட்டான், அத்தானை வெண்டிட்டான்!" என்று சுபோதினி போனுக்குள் சொன்னா.

மிதுஷன் பெடலிலிருந்து காலை எடுத்தான்.

"அத்தான், ஒருக்கா உள்ளுக்கு வாங்கோ."

அவனுடைய அறை சின்னது. கதவைச் சாத்தினான். ஜன்னலோரத்து மேசையில் ஒரு பழைய டிவி, அதன் கீழே ஒரு கேம் பெட்டி. அதற்கு முன்னால் ஒரு பலகைத் துண்டில் சாதாரணக் கொன்ட்ரோலர் ஒன்று ஸ்குரூ போட்டு இறுக்கப்பட்டிருந்தது. கொப்பி ரகம். வலப்பக்கத்து ஸ்டிக்கின்மேல் தண்ணீர்க் குழாய்த் துண்டொன்று செருகியிருந்தது, அதன் மேல் பாட்டாச் செருப்பிலிருந்து வெட்டிய றப்பர். பட்டன்கள்மேலும் றப்பர் ஒட்டி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு உயரத்துக்கு உயர்த்தியிருந்தது. பலகை, கை பட்டுப் பட்டு ஓரமெல்லாம் மழுங்கிக் கிடந்தது.

"இது... எப்ப?" என்றான் சுகிர்தன்.

"மார்கழியிலயிருந்து. ஸப்வானும் நானும் செய்தது." ஸப்வான் தொழிற்சாலையில் அவனோடு வேலை செய்கிறவன், கிராண்ட்பாஸ்காரன். "மலிவு கொப்பி ரெண்டு மூண்டை வெட்டிப் பழுதாக்கினம். ஒரிஜினலை வெட்ட மனம் வராதுதானே. ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் விளையாடுவம். போன மாதம் ஒன்லைன்ல ஒரு போட்டியில மூண்டாவதா வந்தனாங்கள்."

சுகிர்தன் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டான்.

"நீங்கள் வாங்கினதை நான் இன்டர்நெட்டில எப்பவோ பாத்தனான் அத்தான். நல்ல சாமான். அது தேவைப்படுற ஆக்களுக்கு அது பெரிய விசயம். எனக்குச் சரிவராது. எனக்குக் கொஞ்சம் கை இருக்கு." மிதுஷன் மூச்செடுத்தான். "சரிவராததும் பரவாயில்லை. அந்தக் கோல் எனக்கு நீங்கள் போட்டது. கீப்பரை வெளியில எடுத்தீங்கள். நான் கண்டனான்."

"மிது, நான்..."

"எல்லாரும் கைதட்டேக்க எனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிச்சீங்களோ? முந்தி ஒரு நாளாவது எனக்கு விட்டுக்குடுத்து விளையாடினீங்களோ?"

சுகிர்தன் பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அண்டைக்கு ஆஸ்பத்திரியில நான் விட்ட பகிடி... அதை நினைச்சு நினைச்சுத்தான் எனக்கு உன்ர முகத்தில முழிக்க ஏலாமல் போச்சு."

"எந்தப் பகிடி?"

"நான் இனி ஒரு மட்ச் வெல்லலாம் எண்டு..."

மிதுஷன் நெற்றியைச் சுருக்கி நினைத்துப் பார்த்தான். பிறகு அவனுக்கு வந்தது.

"ஓ, அதுவோ! அத்தான், அண்டைக்கு வந்த சனமெல்லாம் எனக்கு முன்னால நிண்டு செத்தவீடு மாதிரி அழுதுகொண்டு நிண்டது. நீங்கள் ஒராள்தான் என்னோட முந்தின மாதிரிக் கதைச்சனீங்கள். நான் உண்மையாத்தான் சிரிச்சனான். அடுத்த நாளும் வருவீங்கள், வந்து இன்னும் ரெண்டு பகிடி விடுவீங்கள் எண்டு வாசலைப் பாத்துக்கொண்டு கிடந்தனான்." அவன் பலகையின் மழுங்கிய ஓரத்தைத் தடவினான். "வரேல்லை. பிறகு பொங்கலுக்கு நான் வர, பெட்டியைத் தூக்கி ஒளிச்சு வைச்சீங்கள். திருத்தக் குடுத்ததாம். எனக்குக் கைதானே அத்தான் போனது. அந்தப் பெட்டி இருந்த இடத்தில மட்டும் தூசி இல்லை எண்டதைப் பாக்கக் கண் இருக்குத்தானே."

வெளியே யாரோ கேக் துண்டு பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை மாதமும் சுகிர்தன் வெட்கப்பட்டது பிழையான ஒன்றுக்கு. வெட்கப்பட வேண்டியதையெல்லாம் அந்த வெட்கத்தைச் சாட்டித்தான் செய்திருக்கிறான்.

"கையை ஒருக்காக் காட்டன்," என்றான் கடைசியில்.

மிதுஷன் தயங்கினான். பிறகு பொக்கற்றிலிருந்து எடுத்து நீட்டினான். பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லை. தோல் அங்கே மினுங்கிக்கொண்டு, தைத்த இடம் சிவந்த கோடாக ஓடியது. மோதிரவிரலும் சின்னவிரலும் முழுதாக இருந்தன. சுகிர்தன் பார்த்தான். பார்வையை விலக்காமல், நோகிற அளவுக்குப் பார்த்தான். மிதுஷன் கையைப் பலகைமேல் வைத்தான். அந்த இரண்டு விரலும் பின்பக்கத்து ட்ரிகர் பட்டன்களில் போய் இருந்தன. உள்ளங்கையின் ஓரம் குழாய்த் துண்டை ஆட்டியது.

"இப்பிடித்தான்," என்றான்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் அந்தப் பை இருவருக்கும் நடுவே இருந்தது. ஓட்டோ மருதானையைத் தாண்டியது.

"உமக்குத் தெரியுமோ?" என்றான் சுகிர்தன். "அவன் விளையாடுறது?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"அவன்தான் சொல்லவேண்டாம் எண்டவன். அத்தான் கேட்டால் சொல்லுங்கோ அக்கா, கேக்காட்டி விடுங்கோ எண்டவன்." அருந்ததி வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒவ்வொரு ஞாயிறும் நான் போய் வாறன். அவன் என்ன செய்யிறான் எண்டு நீங்கள் ஒரு நாள் கேட்டிருந்தால் போதும்."

தாஸிம் சாமானைத் திரும்ப எடுக்கவில்லை. எடுக்க முடியாது, பிரித்தாகிவிட்டது. "தேவப்பட்ட யாரும் வந்தா ஒங்களுக்குச் செல்றேன் சேர்," என்று நம்பரை மட்டும் வாங்கி வைத்தார். கேட்டு வாங்கச் சொன்னேனே என்று சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் நல்லாயிருக்கும் என்று சுகிர்தனுக்குத் தோன்றியது.

ஆனால் அதைவிடப் பெரிய தண்டனை சுபோதினியின் வீடியோவாக வந்தது. அது அன்றைக்கே கனடா போய், லண்டன் போய், பிரான்ஸ் போய்விட்டது. போன்கள் வரத் தொடங்கின. "உம்மைப்போல ஒரு மருமகன் கிடைக்கக் குடுத்துவைச்சிருக்கோணும்," என்று மாமியின் தமக்கை டொரொன்டோவிலிருந்து தழுதழுத்தா. சுகிர்தன் "அப்பிடியொண்டும் இல்லை மாமி" என்று முணுமுணுத்துவிட்டு வைத்தான். வைத்த பிறகு கைகழுவும் இடத்தில் வெகுநேரம் நின்றான்.

அடுத்த போன் லண்டனிலிருந்து, சொந்தத்தில் இன்னொரு மாமி. இந்த முறை அவன் சொன்னான். "மாமி, அந்த வீடியோவில அவன் அடிச்ச கோல் நான் விட்டது. அவன் என்னைவிட நல்லா விளையாடுவான், இப்பவும். எனக்கு அது தெரியாது. ஏனெண்டால் எத்தினையோ மாதமா நான் அவனைப் போய்ப் பாக்கேல்லை. அந்தச் சாமானையும் அவனிட்டைக் கேக்காமல்தான் வாங்கினனான்."



"பாத்தீரே," என்று லண்டன் மாமி பக்கத்தில் இருந்த யாரிடமோ சொல்வது கேட்டது. "எவ்வளவு அடக்கமான பிள்ளை."

அதற்குமேல் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வந்த போனுக்கெல்லாம் அதையே சொன்னான். சிலர் நம்பினார்கள், சிலர் நம்பவில்லை. சுபோதினியிடம் வீடியோவை அழிக்கச் சொல்லிக் கேட்டான். அவ அழித்தா, ஆனால் அதற்குள் அது எங்கெங்கோ போயிருந்தது.

அடுத்த ஞாயிறு அருந்ததியோடு கொட்டாஞ்சேனைக்குப் போனான். பை எதுவும் கொண்டுபோகவில்லை. அறையில் மிதுஷனும் ஸப்வானும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஸப்வான் எழும்பப் பார்த்தான். "நீ இரு," என்றான் மிதுஷன் அவனிடம். சுகிர்தனுக்கு ஒரு கதிரையைக் காலால் தள்ளிவிட்டான். "இருங்கோ அத்தான்." விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரித்தான் சொன்னான்.

சுகிர்தன் பின்னால் இருந்து பார்த்தான். மிதுஷன் இரண்டு விரலாலும் உள்ளங்கை ஓரத்தாலும் பந்தைக் கொண்டுபோகிற விதம் முன்னைய விதம் இல்லை. முன்பு வேகம், இப்போது ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு கணம் முன்கூட்டியே யோசித்தான். ஸப்வான் கத்தினான், ஏசினான், மேசையில் அடித்தான். மிதுஷனும் திருப்பி ஏசினான். சுகிர்தனை யாரும் ஏசவில்லை. ஒருவரும் அவனிடம் கொன்ட்ரோலரைத் தரவும் இல்லை. இருட்டும்வரை இருந்துவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறும் அப்படியே.

அதற்கடுத்த ஞாயிறு, ஆட்டம் பாதியில் இருக்கும்போது பக்கத்துப் பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டது. ஸப்வான் கொன்ட்ரோலரைக் கதிரையில் வைத்துவிட்டுத் தொழப் போனான். அது கதிரையில் கிடந்தது. சுகிர்தன் அதைத் தொடவில்லை.

மிதுஷன் திரும்பிப் பார்க்காமல் சொன்னான்: "அவன் வரும்வரைக்கும் பிடியுங்கோ."

சுகிர்தன் எடுத்தான். கை வேர்த்திருந்ததால் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். இந்த முறை அவன் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. தெரிந்த வித்தையெல்லாம் காட்டினான், ஓடினான், மறித்தான், மூச்சு வாங்கினான். மிதுஷன் அவனைச் சுற்றி ஓடி ஒரு கோல் போட்டான், பிறகு இன்னொன்று. ஸப்வான் திரும்பி வந்து கதவடியில் நின்று திரையைப் பார்த்து, "என்ன மச்சான், நான் வெச்ச ஆட்டத்தை அழிச்சிட்டீங்களே," என்று தலையில் கைவைத்தான்.

சுகிர்தன் எழும்பிக் கொன்ட்ரோலரை அவனிடம் கொடுத்தான்.

"அடுத்த ஞாயிறும் வாறன் மிது," என்றான்.

"வாங்கோ," என்றான் மிதுஷன், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.